கதைப் புத்தகத்து நல்ல ஏழையும் செக்ரோல் புத்தகத்து நல்ல ஏழையும்

(பிரிக்பீல்ட்ஸில் தோட்டத் தொழிலாளரும் சிப்பந்திகளும் கூடிய வாசகர் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலரும் விரும்பியதற்கிணங்க இங்கே வெளியிடுகிறோம்.)



என்னைப் பேச அழைத்தவர்கள், "ஏதாவது இலக்கியமாகப் பேசு, சம்பளம், படி, போனஸ் என்று ஆரம்பித்துவிடாதே" என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் என்ன செய்வேன்? எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும் அதற்குள்ளே யாராவது ஒருவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு யாரோ ஒருவர் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பேச்சு சுற்றிச் சுற்றிச் சம்பளத்தில்தான் வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் கூடியிருக்கும் இந்த பிரிக்பீல்ட்ஸ் என்னும் ஊருக்குப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1881-ஆம் ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூரின் மரவீடுகளும் அத்தாப்புக் கூரைகளும் அழிந்தன. அதன் பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. செங்கல் அறுத்த இடம் செங்கல் வயல் ஆயிற்று. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்டவர்களும் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களும் கணக்கு எழுதியவர்களும் இங்கே குடியிருந்தார்கள். செங்கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது. அறுத்தவன் பெயர் எந்தச் செங்கல்லிலும் இல்லை. அந்தப் பெயரை எழுதி வைக்க வேண்டிய வேலை கதை எழுதுபவர்களுடையது. அவர்கள் அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதே இன்று என் பேச்சு.

என் படிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். ஆங்கில நாவல்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெல்லில் கல் பொறுக்குவதுபோலப் படித்தவன். என் வாசிப்பில் தவறு இருந்தால் கற்றவர்கள் திருத்துங்கள்.

நம் இனத்துக் கிராணி ஒருவர்

கிராணிமார்கள் இங்கே பலர் இருப்பதால் ஒரு கிராணியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பெயர் பாப் கிராச்சிட். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ஆம் ஆண்டில் எழுதிய 'கிறிஸ்துமஸ் கீதம்' என்ற சிறு நாவலில் வருகிறார். வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் சம்பளம். குளிர்காலத்தில் ஆபீசில் அடுப்புக் கரி முதலாளியின் அறையில் இருக்கும். கேட்டால் வேலை போகும். ஆகவே மெழுகுவத்தியில் கையைக் காய்ச்சிக்கொண்டு கடிதம் எழுதுவார். வீட்டிலே நோயாளிப் பிள்ளை ஒன்று. முதலாளி ஸ்குரூஜுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பதே கொள்ளை போவதுபோல இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கிராச்சிட் என்ன செய்கிறார்? பண்டிகை நாளில், தம் ஏழைச் சாப்பாட்டு மேஜையில், முதலாளி நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிறார்! அவருடைய மனைவிக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கருமி மட்டும் இங்கே இருந்தால் நன்றாகக் கேட்டுவிடுவேன் என்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள், பண்டிகை நாள் என்று கணவர் அடக்குகிறார். அவளும் அடங்கிவிடுகிறாள்.

கதையைப் படித்தவர்கள் எல்லோரும் கிராச்சிட்டை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அம்மாளைத்தான் பிடிக்கிறது. அந்த வீட்டிலே கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முடிவில் கிராச்சிட்டுக்குச் சம்பள உயர்வு கிடைக்கிறது. எப்படிக் கிடைத்தது? இறந்துபோன கூட்டாளியின் ஆவி வந்து எச்சரித்து, அடுத்தடுத்து மூன்று பேய்கள் வந்து முதலாளியை மிரட்டியதால் கிடைத்தது. தோழர்களே, நமக்குப் பேய்கள் வருவதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம்தான் வருகிறது. பேய் போல அது ஒரே இரவில் வேலையை முடிப்பதில்லை. ஆனால் பேயைவிட நம்பத் தகுந்தது.

நெசவாளி ஸ்டீபன்

இதே டிக்கன்ஸ் 1854-ஆம் ஆண்டில் 'கடினமான காலம்' என்ற பெயரில் ஒரு தொழிற்சாலைக் கதை எழுதினார். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம் அது. ஏனென்றால் அதில் சங்கம் கெட்ட பேர் வாங்குகிறது.

கதை நடப்பது ஆலைப் புகையால் கறுத்த ஓர் ஊரில். அங்கே ஸ்டீபன் பிளாக்பூல் என்று ஒரு விசைத்தறித் தொழிலாளி. நாற்பது வயது, பார்த்தால் அதைவிட மூப்பு. குடிகார மனைவி, அவளிடமிருந்து விடுதலை பெறச் சட்டம் உண்டா என்று முதலாளி பவுண்டர்பியிடம் போய்க் கேட்கிறான். சட்டம் உண்டு, ஆனால் ஆயிரம் பவுனுக்கு மேல் செலவாகும் என்று பதில் வருகிறது. பணக்காரனுக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம் என்பதை டிக்கன்ஸ் இதைவிடக் கூர்மையாக எங்கும் சொல்லவில்லை. இந்த பவுண்டர்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தொழிலாளி எதைக் கேட்டு வந்தாலும், ஆமைச் சூப்பையும் மான் கறியையும் தங்கக் கரண்டியால் ஊட்டச் சொல்கிறான் என்பார். இவரை நீங்கள் சந்தித்ததில்லை என்று சொல்லாதீர்கள். பேச்சுவார்த்தை மேஜைக்குப் போனவர்கள் எல்லோரும் சந்தித்திருக்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கிறார்கள். ஸ்டீபன் சேர மறுக்கிறான். தான் நேசிக்கும் ரேச்சல் என்ற பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான், அதுவே காரணம். சங்கப் பேச்சாளன் ஸ்லாக்பிரிட்ஜ் மேடையில் நின்று அவனைத் துரோகி என்று கத்துகிறான். அன்று முதல் கூட வேலை செய்தவர்கள் அவனோடு பேசுவதில்லை. தெருவில் கண்டால் மறுபக்கம் போகிறார்கள். பவுண்டர்பி அவனைக் கூப்பிட்டு, சங்கத்துக்காரர்களைப் பற்றிச் சொல் என்கிறார். ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த மனிதன் என்ன சொல்கிறான் தெரியுமா? தன்னை ஒதுக்கியவர்களுக்காகவே வாதாடுகிறான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்கள் வாழ்க்கை சிக்கலாகிக் கிடக்கிறது என்கிறான். உடனே வேலையிலிருந்து நீக்கப்படுகிறான். பிறகு வேறொருவன் செய்த வங்கித் திருட்டு அவன் தலையில் விழுகிறது. பழியைத் துடைக்க ஊருக்குத் திரும்பி வரும் வழியில் மூடாமல் கிடந்த ஒரு பாழ்சுரங்கத்தில் விழுந்து, மேலே தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி கிடந்து, எடுத்தபின் இறந்துபோகிறான்.

படித்த அன்று நான் அழுதேன். மறுநாள் யோசித்தேன்.

டிக்கன்ஸ் ஏழைகளை நேசித்தவர். இதில் சந்தேகமே வேண்டாம். தந்தை கடனுக்காகச் சிறைக்குப் போன 1824-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டிப் பிழைத்தவர். இந்தக் கதை எழுதுவதற்குச் சற்று முன்பு, 1854 ஜனவரியில், பிரஸ்டன் நகரத்துக்கு நேரில் போனார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் பத்துச் சதவீதக் கூலி உயர்வு கேட்டதற்காக முதலாளிகள் ஆலைகளைப் பூட்டிவிட்டிருந்தார்கள். அந்தத் தொழிலாளர்களின் ஒழுங்கையும் பொறுமையையும் தம் பத்திரிகையில் மெச்சி எழுதினார். கண்ணால் கண்டது அது. ஆனால் நாவலுக்குள் வந்தபோது, நல்ல தொழிலாளி ஒரு பக்கமும் சங்கம் மறுபக்கமும் நின்றன. நல்லவன் தனியாக இருந்தான். கூட்டமாக இருந்தவர்கள் ஏமாந்தவர்களாக இருந்தார்கள்.

டிக்கன்ஸைப் பார்த்து நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். ஐயா, சங்கத்தில் சேராததால் உங்கள் ஸ்டீபனுடைய வேலை தப்பியதா? தப்பவில்லை. முதலாளியிடம் மரியாதையாகத் தலை குனிந்து உண்மையைச் சொன்ன அன்றே போயிற்று. அவன் நல்லவன் என்பது அவனைக் காப்பாற்றவில்லை. கேட்பாரற்றுத் திறந்து கிடந்த சுரங்கத்தில் அவன் விழுந்தான். அதை மூட வைக்க ஒரு தனி மனிதனால் ஆகாது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டிருந்தால் ஒருவேளை மூடியிருப்பார்கள். டிக்கன்ஸின் வாய் சங்கம் வேண்டாம் என்கிறது. அவர் எழுதிய கதையோ வேண்டும் என்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டீபனை ஒதுக்கி வைத்தது தவறு. அந்தத் தவறை நாமும் செய்கிறோம். சந்தா கட்டாதவன் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் இருந்தவர்கள், சாவுக்குக்கூடப் போகாமல் இருந்தவர்கள் நம்மில் இல்லையா? சேர மறுப்பவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்க வேண்டியது நம் வேலை. ஸ்லாக்பிரிட்ஜைப்போல மேடையில் கத்துவது சுலபம். லயத்துப் படிக்கட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் கடினம்.

நல்ல முதலாளியின் ஆலையில்

விக்டர் ஹியூகோ 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். 1950-இல் அது படமாகவும் வந்து, நாகையாவின் நடிப்பால் நம் தாத்தா பாட்டிமாரை அழ வைத்தது. ரொட்டி திருடியதற்காக ஜான் வால்ஜான் பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே நாவலில் ஃபான்டீன் என்ற ஆலைத் தொழிலாளியின் கதையை நாம் கவனித்துப் படிப்பதில்லை.

ஃபான்டீன் வேலை செய்தது கொடியவன் ஒருவனுடைய ஆலையில் அல்ல. பெயர் மாற்றிக்கொண்டு ஊருக்கே தரும தேவதையாக விளங்கிய வால்ஜானுடைய சொந்த ஆலையில்! அவளுக்கு ஒரு பிள்ளை இருப்பது தெரிந்ததும் மேற்பார்வைக்காரி அவளை நீக்கிவிடுகிறாள். முதலாளிக்கு அது தெரியவே தெரியாது. நடுவில் இருப்பவர்கள் செய்த காரியம். ஃபான்டீன் பிள்ளைக்கு அனுப்பப் பணமில்லாமல் தலைமுடியை விற்றாள், முன்பற்களை விற்றாள், கடைசியில் தன்னையே விற்றாள்.

முதலாளி நல்லவர் என்றால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஹியூகோ சொன்ன பதில் இது. நல்ல முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் மேற்பார்வைக்காரர் இருக்கிறார், தண்டல் இருக்கிறார், கிராணி இருக்கிறார். ஒருவர் குணத்தை நம்பியிருக்கும் பிழைப்பு அந்த ஒருவர் திரும்பிப் பார்க்காத நேரத்தில் போய்விடும். எழுதிய விதி வேண்டும். விதியைக் கேட்டு நிற்க ஆள் வேண்டும்.

ஹோரியும் மருதியும்

மேல்நாட்டுக் கதை போதும். நம் பக்கம் வருவோம். ஹிந்தியில் பிரேம்சந்த் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோதான்' நாவலில் ஹோரி என்ற குடியானவன் வருகிறான். அவன் வாழ்நாள் ஆசை வீட்டு வாசலில் ஒரு பசு மாடு கட்ட வேண்டும் என்பது. கடனில் ஒரு மாடு வருகிறது. பொறாமையால் சொந்தத் தம்பியே அதற்கு விஷம் வைத்துவிடுகிறான். தம்பி வீட்டைப் போலீஸ் சோதனை போடக்கூடாது, குடும்ப மானம் போகக்கூடாது என்று ஹோரி மேலும் கடன்படத் துணிகிறான். மகன் சேர்த்துக்கொண்ட பெண்ணை வீட்டில் ஏற்றதற்குப் பஞ்சாயத்து அபராதம் போடுகிறது, அதையும் கட்டுகிறான். எல்லோருக்கும் நல்லவனாக இருந்து இருந்து நிலத்தை விட்டுக் கூலியாளாகி, வெயிலில் ரோட்டு வேலை செய்து சுருண்டு விழுகிறான். சாகும் நேரத்தில் பசுதானம் செய்யச் சொல்கிறார்கள். அவன் மனைவி தனியா, கயிறு திரித்து விற்ற இருபது அணாவைப் புரோகிதன் கையில் வைத்து, இதுதான் பசு என்று சொல்லிச் சாய்ந்துவிடுகிறாள்.

டிக்கன்ஸுக்கும் பிரேம்சந்துக்கும் வித்தியாசம் எங்கே என்றால், பிரேம்சந்த் ஹோரியின் நல்ல குணத்தைக் காட்டும்போதே அதனால் யாருக்கு லாபம் என்ற கணக்கையும் காட்டுகிறார். ஜமீன்தாருக்கு லாபம், வட்டிக்காரனுக்கு லாபம், போலீசுக்கு லாபம், புரோகிதனுக்கு லாபம். ஹோரியின் நல்ல குணத்தின்மேல் அத்தனை பேரும் நிரை பிடித்துப் பால் வெட்டியிருக்கிறார்கள்!

தமிழில் புதுமைப்பித்தன் 1935-இல் 'துன்பக் கேணி' எழுதினார். கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடிய பாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி என்னும் சேரிப் பெண்ணின் கதை. அவளை அவர் குத்துவிளக்காக வைத்துப் பூஜை செய்யவில்லை. அதிகாரம் உள்ளவர்கள் கையில் ஒரு தோட்டத்துப் பெண் எப்படிச் சிதைக்கப்படுகிறாள் என்பதை மறைக்காமல் எழுதினார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாம் அதைப் படிக்கும்போது, இது நம் பாட்டிமார் நம்மிடம் சொல்லாமல் விட்ட கதை என்று தோன்றும்.

நல்லவனும் சங்கத்துக்காரனும் ஒரே ஆளாக இருக்க முடியாதா? முடியும் என்று எழுதியவர்களும் உண்டு. மலையாளத்தில் தகழி 1948-இல் எழுதிய 'இரண்டிடங்கழி' நாவலில் வயல் கூலியாள் கோரன் சங்கம் சேர்க்கிறான், சிறைக்கும் போகிறான். அவன் இல்லாத காலத்தில் அவன் மனைவியைச் சாத்தன் என்ற தோழன் உடன்பிறந்தாளாக நினைத்துக் காப்பாற்றுகிறான். தமிழில் தொ. மு. சி. ரகுநாதன் 1953-இல் 'பஞ்சும் பசியும்' நாவலில் நெல்லைச் சீமைக் கைத்தறி நெசவாளர் பசியால் வாடி ஒன்றுசேர்வதைக் காட்டினார். ஸ்டீபனும் நெசவாளிதான், இவர்களும் நெசவாளிகள்தான். நூறு வருஷத்தில் நல்ல ஏழை தனியாக நிற்பதை விட்டுவிட்டான்.

செக்ரோல் புத்தகத்துக்கு வருகிறேன்

இவ்வளவு நேரம் மற்றவர்களைக் குறை சொன்னேன். இனி என் குறையைச் சொல்ல வேண்டும். இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம்.

நான் கிராணி வேலைக்குப் போய் இரண்டாம் வருஷம். அந்தத் தோட்டத்தில் ஓர் அம்மாள், முப்பது வருஷமாகப் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பார். மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாத கை. மங்குகளைத் துடைத்து வைத்திருக்கும் அழகைப் பார்த்தால் வீட்டுப் பாத்திரம் என்று நினைப்பீர்கள். அந்த வருஷம் நல்ல தொழிலாளிக்குப் பரிசு கொடுப்பதென்று நிர்வாகம் முடிவு செய்தது. பாராட்டுப் பத்திரத்தை எழுதச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். "முப்பது ஆண்டுச் சேவையில் ஒரு நாளும் ஒரு குறையும் சொன்னதில்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்த அம்மாள் மேடைக்கு வந்து, ஒரு போர்வையையும் ஒரு சாப்பாட்டுக் கூடையையும் வாங்கிக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்கு வேறு வேலையாக வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "கிராணியாரே, அந்த அக்காவுக்கு நாலு நாள் கட்டிப்பால் எடை ஏறவே இல்லையாமே?" பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முகம் வெளுத்துவிட்டது. வரி மாறி, மேலே இருந்தவர் பெயருக்கு நேரே எழுதியிருந்தேன். பாராட்டுப் பத்திரம் எழுதிய கையேதான் அதையும் எழுதியிருந்தது.

சாயந்திரம் லயத்துக்குப் போனேன். அடுப்படிச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. ஒவ்வொரு நாளுக்கும் கரிக்கோடு போட்டுத் தம் எடையைக் குறித்து வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்த அம்மாள், கணக்கில் என்னைவிடச் சரியாக இருந்தார்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொல்லலாம்தான் ஐயா. புதுசா வந்திருக்கீங்க. துரை காதுக்குப் போனா உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தேன். கலியாணமும் ஆகப் போவுதுன்னாங்க" என்றார்.

தோழர்களே, அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அந்த அம்மாள் பயந்தது தமக்காக அல்ல, எனக்காக. வாய் திறக்காததை நான் பணிவு என்று பத்திரத்தில் எழுதினேன். அது பணிவு அல்ல, கருணை. கருணை பெரிய குணம்தான். ஆனால் அந்தக் கருணைக்கு விலை கொடுத்தவர் அவர். லாபம் அடைந்தவன் நான். மறுநாள் பெரிய கிராணியிடம் ஒப்புக்கொண்டேன். கணக்குத் திருத்தப்பட்டு, அடுத்த சம்பளத்தில் பணம் சேர்ந்தது. என் வேலை போகவில்லை. ஒரு கண்டிப்போடு முடிந்தது. அந்த அம்மாள் முதல் நாளே கேட்டிருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும்.

அதன் பிறகு எந்தக் கதையில் நல்ல ஏழை வந்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். இவன் பேசாமல் இருப்பதால் யாருக்குச் சௌகரியம்? இவனுடைய கரிக்கோட்டு நாள்காட்டியை யாராவது பார்த்தார்களா?

கிள்ளானில் கேட்டவர்கள்

அந்தக் காலத்துத் துரைமார்கள் எழுதி வைத்த குறிப்புகளில் தமிழ்த் தொழிலாளியைப் பற்றி அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: சாது. அடக்கமானவன், ஆள எளியவன் என்று பொருள். சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 'மலேசி' என்ற நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அழகான புத்தகம் என்று உலகம் மெச்சியது. நம் முன்னோர்கள் அதில் வருகிறார்கள். ஆனால் துரை பங்களாவின் வராந்தாவிலிருந்து பார்த்த அளவுக்கே வருகிறார்கள்.

அந்த நாவல் வந்து பதினோரு வருஷம் கழித்து, 1941-ஆம் ஆண்டில், இதே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்தில், அந்தச் சாதுக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது. அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பும் நோய்க்கு வைத்தியமும் கேட்டார்கள். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையையும் சிப்பந்தியையும் வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். சங்கம் அமைக்கும் உரிமை கேட்டார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு நாவலாசிரியன் கண்ணால் பாருங்கள். நல்ல ஏழை வேண்டும் என்று தேடுகிறாயே, இதோ இருக்கிறான்! தன் சாராயத்தைத் தானே மூடச் சொல்கிறான். தன் பெண்களின் மானத்தைக் கேட்கிறான். தன் பிள்ளையின் படிப்பைக் கேட்கிறான். இவனைவிட ஒழுக்கமான ஏழையை எந்தக் கதையில் காட்ட முடியும்? ஆனால் இவன் கேட்டான். கேட்டதால் அன்றைய அரசுக்கு இவன் கலகக்காரன் ஆகிவிட்டான். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் இழந்தனர். முந்தின நாள்வரை சாது, மறுநாள் கலகக்காரன். ஆள் மாறவில்லை, அவன் வாய் திறந்தது மட்டும்தான்.

அந்தப் பட்டியலில் சிப்பந்தி என்ற சொல்லும் இருந்ததைக் கிராணிமார்கள் மறக்கக்கூடாது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்களில் நம் முன்னோர்களும் உண்டு.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. பால்மரத்தடியில் நின்றவர்களுக்கு அது புரிய நூறு வருஷம் ஆகவில்லை. வாய்விட்டு அழ விட்டிருந்தால் முன்பே புரிந்திருக்கும்.

இன்றைய சாது

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். நம் அப்பா நின்ற நிரையில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் ஆட்கள் பேசும்போது என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "நல்ல பையன், எதுவும் கேட்க மாட்டான்." இது எங்கே கேட்ட வார்த்தை? துரைமார்கள் நம்மைப் பற்றிச் சொன்னதல்லவா? நம் வாயிலிருந்தே இன்று வருகிறது!

அந்தப் பையன் ஏன் கேட்பதில்லை? ஊரில் வாங்கிய கடன் அவன் கழுத்தில் இருக்கிறது. சில இடங்களில் பாஸ்போர்ட்டையும் பிறர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்துக்கொள்வது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று ஆனபோது அது அவனுக்கும் சேர்த்தே ஆயிற்று. சங்கத்தில் அங்கத்தினராகச் சேர அவனுக்கும் உரிமை உண்டு. இவற்றை அவனுக்குத் தெரியும் மொழியில் சொல்ல யார் இருக்கிறார்கள்? மருதியின் கதையைப் படித்து அழுத நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

முடிவாக

ஏழைகளில் நல்லவர்களே இல்லை, கதைகள் பொய் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லாதீர்கள். நம் லயங்களில் நல்ல குணம் ஏராளம். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாம். ஆயாக் கொட்டகையில் அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள் நாம். அந்தக் குணத்தை விட்டுவிட்டால் சங்கமும் நிற்காது. சந்தா மட்டும் சேர்த்துச் சங்கம் கட்ட முடியாது. நான் சொல்வது இதுதான்: நல்ல குணத்துக்கு வாய் இருக்க வேண்டும். வாய் இல்லாத நல்ல குணத்தைப் புகழ்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒன்று, படியுங்கள். டிக்கன்ஸையும் பிரேம்சந்தையும் புதுமைப்பித்தனையும் படியுங்கள். நம் நாட்டுக்கு வந்து சென்ற அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' ஆகியவற்றையும் தேடிப் படியுங்கள். படித்து அழுதால் வெட்கமில்லை. ஆனால் மறுநாள் யோசியுங்கள்.

மற்றொன்று, எழுதுங்கள். கிராணிமார்களே, உங்களுக்கு எழுதத் தெரியும். மரம் வெட்டியவர்களே, உங்களுக்கு நடந்தது தெரியும். இருவரும் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தால் ஒரு கதை ஆகிவிடும். நான் சொன்ன அந்த அம்மாள் ஓய்வு பெற்று இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். "என்னைப் பத்தி எழுதப் போறீங்களா? எழுதுங்க. ஆனா, குறையே சொல்லாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க ஐயா. எனக்கு நிறையக் குறை இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்ன குறைகளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.